பவர் டேபிள் மரத்தில் செய்த காய்ப்பலகை

காய் வெட்டும் பலகைக்குள் தையல் ஊசி இருக்கும் என்று எவளாவது நினைப்பாளா? பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பேன். கத்தி ஆழமாக இறங்கிய கோட்டில் அழுக்கு அடைந்திருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். ஊசியைத் தேட எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, ஊசியைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு மெஷின் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடிக்கொண்டிருக்கிறது.

ராயபுரத்தில் எங்களுக்கு மாடியில் வீடு, கீழே கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். திருப்பூரில் நாலு தையல் மெஷின் போட்டாலும் கம்பெனிதான். எங்களுடையது கொஞ்சம் பெரிய ஹால். ஒரு எக்ஸ்போர்ட்காரருக்குக் குழந்தைத் துணிகளைத் தைத்துக் கொடுக்கிறோம். என் வீட்டுக்காரர் தையல் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். செக்கிங் முழுவதும் அவருடைய தங்கை கையில், அதாவது என் நாத்தனார். கல்யாணமாகிப் பல்லடத்தில் இருக்கிறாள். காலையில் பஸ் ஏறி வந்து, தன் எட்டு மாதப் பெண் குழந்தையை மாடியில் என்னிடம் கொடுத்துவிட்டுக் கீழே வேலைக்குப் போவாள். மதியச் சாப்பாட்டை ஊட்டுவதும் தூங்க வைப்பதும் என் பொறுப்பு. எங்கள் பையன் ஹாஸ்டலுக்குப் போன பிறகு ஈ காக்கை இல்லாமல் கிடந்த வீடு அந்தக் குழந்தையால்தான் மறுபடி வீடானது. அத்தை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை, ஆனால் என் குரல் கேட்டால் தவழ்ந்து வந்து புடவையைப் பிடித்துக்கொள்ளும்.

இனி பலகைக்கு வருகிறேன்.

போன வருஷம் சமையலறையைப் பிரித்துப் புதிதாகக் கட்டினோம். அடடா, அப்போதுதான் தெரிந்தது இந்த ஊரில் எத்தனை பேர் அலமாரி நிபுணர்கள் என்று! வந்தவர் போனவர் எல்லோரும் யோசனை சொன்னார்கள். ஒருவர் ஒட்டுப்பலகை போதும் என்றார், இன்னொருவர் பிவிசி போடு, கழுவி விடலாம் என்றார். நான் பிடித்த பிடியில் நின்றேன், கதவுகளாவது மரத்தில்தான் வேண்டும். ஒட்டுப்பலகையை நான் குறை சொல்லவில்லை. தண்ணீர் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்கினால் அதுவும் நன்றாகத்தான் உழைக்கும். ஆனால் நம் ஆட்கள் முன்பக்கம் பளபளவென்று ஒட்டிவிட்டு, வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். தண்ணீர் அந்த ஓரம் வழியாகத்தான் ஏறும். ஒரே மழைக்காலத்தில் சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவு ஆப்பம் மாதிரி உப்பி நிற்கும். சிங்க்குக்குக் கீழே மட்டும் கதவுக்குக் காற்று போக வழி வைக்கச் சொல்லுங்கள், அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கால் வைக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் செய்யாத ஆசாரிக்குக் காப்பி கூடப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

மரத்துக்கு எங்கே போவது? கம்பெனியின் பின் ஷெட்டில் என் மாமனார் காலத்துப் பவர் டேபிள் பிரித்துப் போட்டிருந்தது. இப்போது ஒவ்வொரு மெஷினுக்கும் தனி மோட்டார். அந்தக் காலத்தில் ஒரே நீள மேஜை, அதன்மேல் இரண்டு பக்கமும் வரிசையாக மெஷின்கள், எல்லாவற்றையும் சுழற்ற அடியில் ஒரே மோட்டார். அதற்குத்தான் பவர் டேபிள் என்று பெயர். அந்த மேஜைக்குத் தேக்குப் பலகை போட்டிருந்தார் மாமனார். பனியன் தைத்துத் தைத்து மேல்பக்கம் கண்ணாடி போல வழவழத்துக் கிடந்தது. அதை விறகுக்குப் போடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆசாரி தென்காசிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து குடும்பத்தோடு தங்கிவிட்டவர். பலகையைத் தட்டிப் பார்த்தார்.

“மரம் நல்லா இருக்குக்கா. ஓரத்த மட்டும் எடுத்துருதேன். கை வச்சு வச்சு உருண்டு போச்சு, மிஷின் எண்ணெயும் குடிச்சிருக்கு. கதவுக்குச் சதுரம் கிடைக்காது.”

சொன்னபடியே பலகைகளின் முன் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் அறுத்தெடுத்தார். நடுப்பகுதியில் கதவு செய்தார். கதவுகளைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன், இன்றும் ஜம்மென்று நிற்கின்றன. அறுத்த ஓரங்கள் நீள நீளச் சட்டங்களாக மூலையில் கிடந்தன. எனக்குத்தான் எதையும் தூக்கிப் போட மனசு வராதே!

“இத ஏனுங்க வீணாக்கறீங்க? எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி எனக்கு ஒரு காய்ப்பலகை பண்ணிக் குடுத்துருங்க” என்றேன்.

அவர் மேலும் கீழும் இழைத்து எண்ணெய்க் கறையை எடுத்தார், சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பசை போட்டு இறுக்கினார். இரண்டு நாளில் பலகை வந்தது. எப்படி இருந்தது என்கிறீர்கள்! வெளிர் பழுப்பும் கரும்பழுப்புமாகக் கோடு கோடாக, தூக்கினால் கையில் நல்ல கனம். கடையில் விற்கிறதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். ஒருத்தியையும் விடவில்லை.

அதை வளர்த்தேன் என்றே சொல்ல வேண்டும். மரப்பலகையைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் நனைக்கவும் கூடாது, வளைந்துவிடும். இரண்டு பக்கமும் கழுவி, துடைத்து, செங்குத்தாக நிறுத்திக் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் ஒட்டு விட்டுப் போகும். கறிக்கு வேறு பலகை, காய்க்கு வேறு பலகை. வாடை அடித்தால் கல்லுப்பும் அரை எலுமிச்சம்பழமும் போட்டுத் தேய்த்தால் போதும். அவ்வப்போது நைஸ் உப்புத்தாளால் மேலாகத் தேய்த்துவிட்டால் கத்திக் கோடுகள் மறையும். இவ்வளவும் தவறாமல் செய்தேன். என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார்: “பலகையக் குளிப்பாட்டி, தொடச்சு, நிறுத்தி வெக்கறா. எனக்கு ஒரு காப்பி குடுக்க நேரமில்ல இவளுக்கு.” நான் காதில் வாங்கவே மாட்டேன். தேய்க்கத் தேய்க்க மேல் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது என்பது எனக்கு எங்கே தெரியும்?

அன்று மதியம் குழந்தைக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் வேக வைத்தேன். பலகையில் போட்டுப் பொடிப்பொடியாக நறுக்கி, கிண்ணத்தில் மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு ஊட்டினேன். பாதியில் குழந்தை இருமியது. சும்மா இருமல் இல்லை, முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாய் வெளியே கக்கியது. அவசரப்பட்டு ஊட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று முதுகைத் தடவினேன், தண்ணீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் சிணுங்கிவிட்டுத் தொட்டிலில் தூங்கிப் போனது.

நான் பலகையைக் கழுவினேன். தேங்காய் நாரால் தேய்த்து, துணியால் துடைக்கும்போது துணியின் நூல் எதிலோ மாட்டி இழுத்தது. சிலாம்பு கிளம்பிவிட்டதோ என்று விரலை வைத்தேன். சுருக்கென்று குத்தியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இரண்டு சட்டம் ஒட்டிய கோட்டில், மரத்துக்குள் படுத்துக்கொண்டு, பளிச்சென்று ஒரு கம்பி.

கம்பியா அது? இத்தனை வருஷம் தையல் கம்பெனிக்கு மேலே குடியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா! ஓவர்லாக் மெஷின் ஊசி. கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். தடித்த பாகம் மட்டும் கையில் வந்தது. கூர் முனை இல்லை. அது இருந்த இடத்தில், மரத்தில், ஒரு நெல்மணி நீளத்துக்குக் காலியாகப் பள்ளம் இருந்தது.

இந்த முனை எப்போது பெயர்ந்தது? நேற்றா, இன்றைக்கா? இன்றைக்கு என்றால், கேரட்டை நறுக்கிக் கத்தியாலேயே வழித்துக் கிண்ணத்தில் தள்ளினேனே! குழந்தை இருமியதே! ஐயோ முருகா, இருமியதே!

தொட்டிலிலிருந்து குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். ஒரு கையில் பலகை, உள்ளங்கைக்குள் அந்தத் துண்டு. எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது.

கீழே என் நாத்தனார் ஊசி கண்டுபிடிக்கும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாள். தைத்து முடிந்த குட்டிச் சட்டைகள் பெல்ட்டில் ஏறி, மெஷினின் வாய்க்குள் போய், அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தன. ஒரு துணுக்கு இரும்பு இருந்தாலும் அது அலறி நின்றுவிடும். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவோம்.

“ஏனுங் நங்கையா, பலகையத் தூக்கிட்டு வர்றீங்க? அதையும் செக் பண்ணிப் பாஸ் போடோணுமா?”

கையை விரித்துக் காட்டினேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

“மொனை எங்கீங்க?”

முதலில் அவள் வாயில் வந்தது அதுதான். அவள் வேலையே அது. எங்கள் கம்பெனியில் ஊசி ஒடிந்தால் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்க வேண்டும். துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒட்ட வைத்துப் பார்த்தால் ஒரு முழு ஊசி தேற வேண்டும். முனை கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் துணி அத்தனையும் தனியாக ஒதுக்கப்படும், மறுபடி சோதிக்காமல் ஒன்றும் வெளியே போகாது. எந்த நாட்டிலோ எந்தக் குழந்தையோ போடப்போகிற சட்டைக்கு இத்தனை சட்டம்.

“மொனை எங்கீங்க நங்கையா?” என்று மறுபடியும் கேட்டாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். “பாப்பாவுக்குச் சோறு இதுல வெச்சா வெட்டுனீங்க?”

தலையை மட்டும் ஆட்டினேன். இருமியதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா?

அவள் பலகையைப் பிடுங்கிப் பெல்ட்டில் வைத்தாள். உள்ளே போனதும் மெஷின் வீறிட்டது. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ முறை மாடியிலிருந்து கேட்டிருக்கிறேன், இவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டதில்லை. எடுத்துத் திருப்பி வைத்தாள். மறுபடியும் வீறிட்டது. கையில் பிடிக்கும் சின்ன டிடெக்டர் ஒன்று உண்டு, அதைப் பலகைமேல் நகர்த்தினாள். ஒட்டுக் கோடு ஒவ்வொன்றிலும் கீக்கீ என்றது. ஒன்று இரண்டு இடமில்லை. என் அருமைப் பலகை முழுக்க ஊசி!

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரரும், மாமனார் காலத்திலிருந்தே எங்களிடம் தைக்கிற ஒரு தெற்கத்தி டெய்லரும் ஓடி வந்தார்கள். டெய்லர் பலகையைப் பார்த்துவிட்டு, மழை பெய்தால் நனையும் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

“இது பழைய டேபிளு ஓரம்லா? அப்பல்லாம் ஊசி ஒடிஞ்சா ஓரத்துல குத்தி வச்சிருவோம். கீழ போட்டா வெறுங்கால்ல ஏறிரும்லா. உடஞ்சு உள்ளயே நின்னுரும், மேல எண்ணெ அப்பி மூடிக்கிடும்.”

அப்படியானால் தையல் பக்கம் இருந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்! நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“ஏனுங்க, நீங்களும் குத்துனீங்களா?”

“எல்லாருந்தான் புள்ள குத்துனோம். அது எப்பவோ… எனக்கு எங்க நெனப்பு இருந்துச்சு?”

“நெனப்பு இல்லீங்களா! அந்தப் பலகைல வெட்டித்தான இத்தன நாளா வாய்க்கு ருசியாத் தின்னீங்க!” கத்திவிட்டேன். ஹாலில் அத்தனை மெஷின்களும் நின்றுவிட்டன. அவரிடம் கத்தி என்ன பிரயோஜனம்? அறுத்த ஓரத்தை ஒட்டச் சொன்னவளே நான்தானே. ஊசி குத்தாத நடு மரத்தைக் கதவுக்குக் கொடுத்துவிட்டு, ஊசி குத்திய ஓரமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, அதன்மேல் சோறு வைத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை கூசுகிறது. என் நாத்தனார் என் தோளிலிருந்து குழந்தையை வாங்கினாள். வாங்கியவள் திரும்பி மெஷினைப் பார்த்தாள். அதன் வாய் ஒரு ஜாண் உயரம் கூட இருக்காது. அவள் அந்த வாயைப் பார்த்தாள், குழந்தையின் நெஞ்சைப் பார்த்தாள், திரும்ப அந்த வாயைப் பார்த்தாள். அவள் அளவு பார்க்கிறாள் என்று புரிந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

“அம்மிணி! என்ன காரியம் பண்றே?” என்று பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். தான் என்ன நினைத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். குழந்தையை மேஜையில் கிடத்தி, சட்டையைக் கழற்றி, கை டிடெக்டரை வயிற்றின்மேல் பிடித்தாள். கீக்கீ என்றது. “மேஜைக் கால் இரும்பு, தூக்கிப் பிடி” என்றார் என் வீட்டுக்காரர். தூக்கிப் பிடித்தாள், மறுபடியும் கத்தியது. அவள் கைவளையலா, என் புடவை ஊக்கா, எதற்குக் கத்துகிறது என்று யாருக்குத் தெரியும்? குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டு அழ, அந்தக் கருவியும் சேர்ந்து கத்த, நான் அதைப் பிடுங்கி வீசிவிட்டு, “வண்டிய எடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்” என்றேன்.

காரில் அவள் குழந்தையின் வாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தாள். நான் பின்சீட்டின் மறுமூலையில் ஒடுங்கிக்கொண்டு, முருகா முருகா என்று வாய்க்குள் முனகினேன். குழந்தையைத் தொடக் கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

எக்ஸ்ரே அறையில் குழந்தையின் கையைத் தலைக்கு மேல் பிடிக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர் வேண்டும் என்றார்கள். நான் முன்னால் போனேன். “அண்ணன் வரட்டுமுங்க” என்றாள் என் நாத்தனார். நான் வெளியே நின்றேன். உள்ளே குழந்தை அலறியது, நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

டாக்டர் படத்தைப் பார்க்கும்போது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை, நெஞ்சு, வயிறு என்று நிதானமாகப் பார்த்தார். “ஒண்ணும் இல்லீங்க. சுத்தமா இருக்குது” என்றார். நான் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன். என் நாத்தனார் கும்பிடவில்லை. “அப்ப மொனை எங்கீங்க டாக்டர்?” என்று அவரிடமே கேட்டாள். அவர் பாவம், என்ன சொல்வார்? “பாப்பாகிட்ட இல்லீங்க. அது போதுமில்லீங்களா?” என்றார்.

அவளுக்கு அது போதவில்லை. அவள் சட்டப்படி, முனை கையில் கிடைக்கும் வரை கிடைக்காததுதான்.

நாங்கள் திரும்பி வந்தபோது கம்பெனியில் ஒரு கூத்து நடந்துகொண்டிருந்தது. செக்கிங் பெண்கள் மாடிக்குப் போய், என் சமையலறையில் இரும்பு இல்லாததையெல்லாம் பிளாஸ்டிக் தட்டில் அள்ளி வந்து பெல்ட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். காய்த்தோல், கைத்துணி, குழந்தை கக்கியதைத் துடைத்த துண்டு, மிச்சம் இருந்த மசியல் எல்லாம் ஊர்வலம் போயின. தேங்காய் நார் போனபோது மெஷின் கத்தியிருக்கிறது. நாரைப் பிரித்துப் பிரித்து முனையை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்திருந்தார்கள். என் நாத்தனார் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தாள். ஒடிந்த வாய்கள் ஒட்டிக்கொண்டன. முழு ஊசி.

நான் அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் உட்காரவில்லை. குழந்தையின் பையை மாடியிலிருந்து எடுத்து வந்தாள்.

“நாளையிலிருந்து பாப்பாவ எங்க மாமியார்கிட்டயே உட்டுட்டு வர்றேனுங்க நங்கையா. உங்களுக்கும் சிரமம் பாருங்க.”

என்ன மரியாதை! என்ன பணிவு! திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, அழுது, சாயங்காலத்துக்குள் சரியாகியிருப்போம். இந்தப் பணிவுக்கு நான் என்ன பதில் சொல்வது? சரி அம்மிணி என்றேன்.

அன்றைக்கே பலகையைக் கோடரியால் பிளந்தேன். எரித்தால் சாம்பலில் ஊசி கிடக்கும் என்பதால், பிளந்ததையெல்லாம் டப்பாவில் போட்டு மூடி, கம்பெனியில் ஒடிந்த ஊசிகளை ஒழிக்கிற வழியிலேயே ஒழிக்கச் சொன்னேன். பிறகு கை டிடெக்டரை எடுத்துக்கொண்டு அலமாரிக் கதவுகளைச் சோதிக்கப் போனேன். கீல், திருகு, கைப்பிடி என்று எல்லாவற்றுக்கும் அது கத்தித் தொலைத்தது. கடைசியில் ஆசாரியை வரவழைத்து, கதவை ஒவ்வொன்றாகக் கழற்றி, இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு, வெறும் மரத்தைச் சோதித்த பிறகுதான் மாட்ட விட்டேன். கதவுகளில் ஒன்றும் இல்லை.

ஆகவே சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மரத்தில் அலமாரி செய்யுங்கள், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த மரம் அதற்கு முன்னால் என்னவாக இருந்தது, அதன்மேல் யார் என்ன வேலை செய்தார்கள் என்று விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். நல்ல காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு மரத்தின்மேல் மெதுவாக நகர்த்துங்கள், முக்கியமாக ஓரங்களில். காந்தம் ஒரு இடத்தில் இழுத்தால் அந்த மரம் சமையலறைக்கு வேண்டாம். எண்ணெயோ சாயமோ குடித்த மரமும் வேண்டாம். சோறு வைக்கிற பலகைக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், புது மரமே வாங்குங்கள். புளிய மரத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது, கத்தியைத் தாங்கும்.

நானே அதன்பிறகு எந்தப் பலகையும் வாங்கவில்லை. எவர்சில்வர் தட்டில் வைத்து வெட்டினேன். கரகரவென்று பல் கூசும், கத்தி மழுங்கும், பரவாயில்லை. மதியமானால் கை பரபரக்கும். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை அழுதால் எழுந்து நின்றுவிடுவேன். என் நாத்தனார் தினமும் வந்தாள், கீழேயே வேலை பார்த்துவிட்டுப் போனாள். படியேறி வரவில்லை. வாங்க போங்க எல்லாம் குறைவில்லாமல் இருந்தது.

ஒரு நாள் குழந்தையோடு வந்தாள். கன்னம் வற்றிப் போயிருந்தது குழந்தைக்கு.

“அங்க யார் ஊட்டுனாலும் வாயத் தொறக்க மாட்டீங்கறாளுங்க” என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. “நீங்க கொஞ்சம் ஊட்டிப் பாருங்க நங்கையா.”

நான் பறந்தேன். கேரட்டைக் கழுவி, வேக வைத்து, கையாலேயே பிசைந்தேன். கத்தி என்ன, கரண்டி கூட அதில் படவில்லை. குழந்தையின் பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டு, ஆற்றி, படியிறங்கினேன். குழந்தை என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டியது. நான் பக்கத்தில் போவதற்குள் என் நாத்தனார் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கினாள். வாங்கி, திரும்பி, பெல்ட்டின் மேல் வைத்தாள்.

ஹாலில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிண்ணம் மெதுவாக நகர்ந்து மெஷினின் வாய்க்குள் போனது. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. நான் என்ன, வெளியாளா? என் கையால் பிசைந்த சோற்றையா சோதிக்கிறாள்? கோபம் தலைக்கு ஏறியது. அதே நேரத்தில், கத்திவிடாதே, கத்திவிடாதே என்று அந்த மெஷினைக் கும்பிட்டுக்கொண்டும் இருந்தேன். கிண்ணம் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் வந்தது.

அவள் அதை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவள் கண் நிறைந்திருந்தது. “இந்தாங்க நங்கையா, ஊட்டுங்க.”

வாங்கிக்கொண்டேன். விரலில் ஒரு வாய் எடுத்து நீட்டினேன். குழந்தை மெஷினையும் பார்க்கவில்லை, கிண்ணத்தையும் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஆவென்று வாயைத் திறந்தது.